குழாய் எங்கே நகரலாம், எங்கே கூடாது: நவீன ஆலைகளில் ஸ்ட்ரெஸ் பொறியாளரின் வேலை

நான்கு அங்குல எஃகுக் குழாய் ஒன்று 17 மீட்டர் நேராக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆலை இயங்கத் தொடங்கியதும் அதன் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸ் கூடுகிறது. கார்பன் எஃகு ஒவ்வொரு மீட்டருக்கும், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 12 மைக்ரோமீட்டர் நீளும். ஆகவே இந்தக் குழாய் 20 மில்லிமீட்டர் நீண்டாக வேண்டும். கட்டைவிரல் அகலம்தான். அந்த அளவுக்குக்கூட விடாமல் இரு முனைகளையும் பூட்டி, பக்கவாட்டிலும் ஒதுங்க முடியாதபடி இறுக்கிப் பிடித்தால், முனைகளில் ஏறத்தாழ 50 டன் விசை வந்து இறங்கும். அதே குழாயின் கடைசியில் ஒரு திருப்பம் கொடுத்து, செங்குத்துத் திசையில் மூன்று மீட்டர் ஓடவிட்டுப் பிறகு முடித்தால், விசை அரை டன்னுக்குள் அடங்கிவிடும். குழாய் அதேதான், உள்ளே ஓடும் திரவமும் வெப்பமும் அதேதான். குழாய் போகும் வழி மட்டும் மாறியிருக்கிறது.

அந்த மூன்று மீட்டர் திருப்பம் எங்கே வர வேண்டும், அதற்கான இடத்தை யாரிடம் கேட்டு வாங்குவது, மிச்சமிருக்கும் அரை டன்னை எந்தத் தூண் சுமக்கும் என்பதையெல்லாம் முடிவு செய்பவர் பைப்பிங் ஸ்ட்ரெஸ் பொறியாளர். குழாய் வெடிக்காமல் பார்த்துக்கொள்வதே இவர் வேலை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளழுத்தத்தைத் தாங்கும் சுவர்த் தடிமன் ஒரு வரிச் சூத்திரத்தில் முடிந்துவிடும். அதைப் பெரும்பாலும் வேறொருவர் முன்பே முடித்து வைத்திருப்பார். ஸ்ட்ரெஸ் பொறியாளரின் கவலை, அந்தக் குழாய் தன் முனையில் இருக்கும் பம்பையும் கலனையும் கருவியையும் என்ன செய்கிறது என்பதைப் பற்றியது.

நெடுங்காலமாக இந்தத் தொழிலின் வீடு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் மின் நிலையமும்தான். இப்போது சிப் தொழிற்சாலைகள், பேட்டரி ஆலைகள், உயிரிமருந்து ஆலைகள் என்று புதிய களம் திறந்திருக்கிறது. அமெரிக்கா 2022-இல் சிப்ஸ் சட்டத்தை இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. கட்டுமானம் பெருகியதும் சுத்திகரிப்பு ஆலையில் பழகியவர்கள் பலர் இந்தப் பக்கம் வந்தார்கள். வந்தவர்கள் முதலில் சந்திப்பது ஒரு தடுமாற்றம். சூடான, கனமான, உயர் அழுத்தக் குழாய்தான் ஆபத்து என்று அவர்கள் பழகியிருக்கிறார்கள். இங்கே சிக்கல் தருவது பெரும்பாலும் குளிர்ந்த குழாய், பிளாஸ்டிக் குழாய், அல்லது யாரும் கணக்கில் எடுக்காத தண்ணீர்க் குழாய்.

விதிநூல் எங்கே பிறந்தது

உலகின் பல ஆலைகளில் அடிப்படையாகக் கொள்ளப்படும் விதிநூல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பி31.3. பி31 வரிசையின் முதல் பதிப்பு 1935-இல் வந்தது. 1959-இல் தனி நூலாக வெளியானபோது பி31.3-இன் பெயரே பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைக் குழாய்கள் என்றுதான் இருந்தது. அதிதூய்மைக் குழாய்களுக்கென்று ஓர் அத்தியாயம் சேர 2010 ஆக வேண்டியிருந்தது. எந்த ஆலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதை மறந்துவிட்டு இந்த நூலைப் படிப்பவர், அதன் சில எண்களைத் தவறான இடத்தில் நம்பிவிடுவார்.

நூலின் மையத்தில் ஒரு பிரிவினை இருக்கிறது. எடை, உள்ளழுத்தம் போன்றவற்றால் வரும் தகைவு (ஸ்ட்ரெஸ், அதாவது உலோகத்தின் குறிப்பிட்ட பரப்பில் விழும் விசை) ஒரு வகை. குழாய் கொஞ்சம் வளைந்து கொடுத்தாலும் இந்தச் சுமை குறையாது. எடை எடையாகவே நிற்கும். எல்லை மீறினால் குழாய் வளைந்துகொண்டே போய் முறிந்துவிடும். வெப்ப விரிவால் வரும் தகைவு வேறு வகை. எஃகு ஓரிடத்தில் சற்றே இளகி நிலைமாறினால், நீள வேண்டிய 20 மில்லிமீட்டரில் ஒரு பகுதி அங்கேயே கரைந்து, தகைவு தானாகத் தணிந்துவிடும். ஒரே தடவை சூடாக்கி விட்டுவிட்டால் இதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. திரும்பத் திரும்பச் சூடாகி ஆறும்போதுதான் உலோகம் சோர்ந்து விரிசல் விடுகிறது. அதனால் விதிநூல் இரண்டாவது வகைக்குத் தாராளமாக இடம் கொடுக்கிறது. முதல் வகைக்கு உள்ள வரம்பைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, சில நிலைமைகளில் அதற்கும் மேல்.

இந்தச் சோர்வுக் கணக்கின் பின்னால் இருப்பவர் ஏ.ஆர்.சி. மார்க்ல். லூயிவில் நகரின் டியூப் டர்ன்ஸ் நிறுவனத்தில், 1940-களின் பிற்பகுதியிலும் 1950-களின் தொடக்கத்திலும், எல்போக்களையும் (வளைவுத் துண்டுகள்) டீக்களையும் (கிளை பிரியும் துண்டுகள்) இயந்திரத்தில் பூட்டி, விரிசல் விட்டுக் கசியும் வரை முன்னும் பின்னும் வளைத்துப் பார்த்தார். நேர்க்குழாயின் சுற்று வெல்டை ஒன்று என்று வைத்து, மற்ற ஒவ்வொரு பாகத்துக்கும் அதைப் போல் எத்தனை மடங்கு தகைவு என்று எண் கொடுத்தார். இன்றும் மென்பொருளுக்குள் ஓடுவது அவர் தொடங்கிவைத்த கணக்குதான்.

எல்போவைப் பார்த்தால் இதன் சுவை புரியும். வளைக்கும்போது அதன் வட்ட வாய் நசுங்கி முட்டை வடிவத்துக்குப் போகிறது. தியோடர் ஃபான் கார்மன் 1911-இலேயே இதைக் கணித முறையில் விளக்கிவிட்டார். நசுங்குவதால் எல்போ எளிதாக வளைகிறது; நசுங்குவதாலேயே சுவரில் தகைவும் கூடுகிறது. வழக்கமான தடிமனுள்ள நான்கு அங்குல எல்போவுக்குக் கணக்குப் போட்டால், அது நேர்க்குழாயைப் போல் ஐந்து மடங்கு நெகிழும், இரண்டு மடங்கு தகைவை ஏற்கும். குழாய்க்கு மூச்சுவிட இடம் கொடுப்பதும் அதுவே, முதலில் விரிசல் விடக்கூடியதும் அதுவே. லூப் (குழாயை வேண்டுமென்றே சுற்றி வளைத்துவிடும் திருப்பம்) போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, லூப்பின் எல்போக்களில் தகைவு எவ்வளவு என்பதைத்தான்.

விதிநூலின் சூத்திரம் 7,000 தடவை வரை எந்தக் குறைப்பும் கேட்பதில்லை. நாளுக்கு ஒரு தடவை சூடாகி ஆறும் குழாய்க்கு 7,000 என்பது 19 ஆண்டு. சுத்திகரிப்பு ஆலைக் குழாய்கள் மாதக்கணக்கில் ஒரே சூட்டில் கிடப்பவை. அங்கே இந்த எண்ணை எட்டுவதே அரிது. ஆனால் தொகுதி தொகுதியாக உற்பத்தி நடக்கும் ஆலையில், ஒவ்வொரு தொகுதிக்குப் பின்னும் சூடான நீரால் கழுவி, 121 டிகிரி நீராவியால் கிருமி நீக்கிப் பின் குளிர்விக்கிறார்கள். நாளுக்குப் பத்துச் சுழற்சி என்றால் இரண்டு ஆண்டுக்குள் 7,000 முடிந்துவிடும். 70,000 சுழற்சிக்கு அனுமதித் தகைவு கணிசமாகச் சுருங்குகிறது. மென்பொருளில் சுழற்சி எண்ணிக்கைக்கான கட்டத்தை நிரப்பாமல் விட்டால் அது பேசாமல் 7,000 என்றே எடுத்துக்கொள்ளும். ஆலையை இயக்கப் போகிறவரிடம் ஒரு கேள்வி கேட்டால் கிடைக்கிற எண் இது. அந்தக் கேள்வியைக் கேட்காத அறிக்கைகள் ஏராளம்.

முனையில் இருப்பதுதான் உடையும்

குழாயின் தகைவு அனுமதித்ததில் 40 சதவீதம்தான், எல்லாம் பாதுகாப்பு என்று மென்பொருள் சொல்லும். அதே மாடலில் பம்பின் நாசிலில் (குழாய் வந்து இணையும் வாய்) இறங்கும் விசை வரம்பைப் போல் இரண்டு மடங்கு இருக்கும். குழாய் தாங்கும், பம்பு தாங்காது. பம்பு உடனே உடைவதும் இல்லை. அதன் உறை ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி அளவுக்குத் திருகிக்கொள்ளும், மோட்டாரின் அச்சும் பம்பின் அச்சும் நேர்கோட்டிலிருந்து விலகும், அதிர்வு கூடும், அச்சைச் சுற்றித் திரவம் ஒழுகாமல் அடைக்கும் சீல் கசியும். சீலை மாற்றுவார்கள். சில மாதத்தில் மறுபடியும் கசியும். காரணம் பராமரிப்புப் பிரிவின் பதிவேட்டில் சீல் என்றே இருக்கும்.

பெட்ரோலிய ஆலைப் பம்புகளுக்கு ஏ.பி.ஐ. 610 என்ற தரநூல், நாசில் எவ்வளவு விசையும் எவ்வளவு திருப்புத்திறனும் தாங்க வேண்டும் என்று அட்டவணை போட்டுத் தருகிறது. சிப் ஆலையின் உற்பத்திக் கருவிகளுக்கு இப்படிப் பொதுவான அட்டவணை கிடையாது. கருவி தயாரித்தவரிடம் கேட்டால், இணைப்பில் எந்தச் சுமையும் வரக் கூடாது என்று ஒரு வரிப் பதில் வரும். இதை நான் பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை. பூமியில் வைக்கப்பட்ட எந்தக் குழாயும் முனையில் சுழியம் சுமை தராது. இத்தனை நியூட்டன், இத்தனை நியூட்டன் மீட்டர் என்று ஓர் எண் கையெழுத்தோடு வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பாதி வேலை இப்படி எழுதிக் கேட்பதிலும், கிடைத்த எண்ணை வைத்துப் பேரம் பேசுவதிலுமே கழியும்.

கிட்டே போய்ப் பார்க்க ஒரு சிறு இடம். பம்பிலிருந்து ஒரு குழாய் மூன்று மீட்டர் நேர்மேலே எழுந்து, திரும்பி, பல குழாய்களைச் சேர்த்துச் சுமக்கும் சட்டமான ரேக்கை நோக்கிப் படுத்து ஓடுகிறது. திருப்பத்தை ஒட்டி ஒரு சாதாரண சப்போர்ட். குழாய் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. குளிர்ந்த நிலையில் எடை அந்தச் சப்போர்ட்டில் இறங்குகிறது, பம்பு நிம்மதியாக இருக்கிறது. சூடு 150 டிகிரி ஏறினால் எழுந்து நிற்கும் மூன்று மீட்டரும் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு, படுத்திருக்கும் குழாயைச் சப்போர்ட்டிலிருந்து தூக்கிவிடும். குழாய்க்கும் சப்போர்ட்டுக்கும் நடுவே காகிதம் நுழையும் இடைவெளி விழுந்தால் போதும், அந்தப் பக்கத்து எடை முழுவதும் பம்பின் நாசிலுக்கு மாறிவிடும். எடையைச் சுமந்தபடியே குழாயோடு எழுந்து இறங்கும் ஸ்பிரிங் ஹேங்கரை இப்படிப்பட்ட இடத்துக்காகத்தான் போடுகிறோம். ஸ்பிரிங் சுருங்கி விரியும்போது அது தாங்கும் விசையும் மாறும். அந்த மாற்றம் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான எல்லை.

குளிர்ந்த குழாய், மெல்லிய குழாய்

சிப் ஆலைக்குள் வந்தால் இந்தப் பாடம் தலைகீழாகத் தோன்றும். சில்லுகளைக் கழுவும் அதிதூய நீரின் மின்தடை எண் 18.2 மெகாஓம் சென்டிமீட்டர். அயனி என்று சொல்ல அதில் அநேகமாக ஒன்றும் மிச்சமில்லை. உலோகக் குழாயில் ஓடினால் அதிலிருந்தே கரைத்துக்கொள்ளும் என்பதால் பி.வி.டி.எஃப். என்ற பிளாஸ்டிக்கில் ஓடவிடுகிறார்கள். இந்தப் பிளாஸ்டிக் எஃகைப் போல் பத்து மடங்கு நீளும். 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடேற்றிய நீர் ஓடும் 100 மீட்டர் குழாயை எடுத்தால், எஃகு 72 மில்லிமீட்டர் நீளும் இடத்தில் இது 720 மில்லிமீட்டர் நீளும். முக்கால் மீட்டர்!

நீளம் பயமுறுத்தினாலும் விசை பயமுறுத்தாது. பிளாஸ்டிக்கின் விறைப்பு எஃகில் நூறில் ஒரு பங்குதான். ஆகவே முழுவதும் அடக்கிப் பிடித்தாலும் சுவரில் வரும் தகைவு எஃகில் வருவதில் பத்தில் ஒரு பங்கு. இதை நம்பிச் சிலர் லூப்பே போடாமல், பக்கவாட்டில் ஒதுங்காமல் பிடிக்கும் கைடுகளை நெருக்கமாக அமைத்து, குழாயை அசையாமல் பூட்டிவிடுகிறார்கள். சூட்டில் அமுங்கியிருக்கும் பிளாஸ்டிக் நாள்போக்கில் தளர்ந்து, அந்த நீளத்துக்கே பழகிவிடும். சங்கடம் ஆலையை நிறுத்தி ஆற விடும்போது வரும். பழகிய நீளத்திலிருந்து அது சுருங்கப் பார்க்கும், இணைப்புகளை இழுக்கும். சூட்டில் எல்லாம் சரியாக இருந்த குழாய், ஓடாமல் கிடக்கும்போது கசிகிறது என்ற புகாருக்கு இது ஒரு பழைய காரணம். உலோகத்துக்கு எழுதிய தகைவு வரம்புகள் இங்கே உதவுவதில்லை; நீளும் அளவிலிருந்து தகைவைக் கணித்துவிடலாம் என்ற அடிப்படையே பிளாஸ்டிக்கில் ஆட்டம் காண்கிறது. குழாய் தயாரிப்பாளர் தரும் தரவையும், எத்தனை ஆண்டு எந்தச் சூட்டில் கிடக்கும் என்ற கேள்வியையும் வைத்தே வேலை செய்ய வேண்டும்.

அமிலங்களும் கரைப்பான்களும் ஓடும் குழாய்களைக் குழாய்க்குள் குழாயாக அமைக்கிறார்கள். உள்குழாய் கசிந்தால் வெளிக்குழாய் பிடித்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் உணரி எச்சரிக்கும். உள்ளே இருப்பது சூடாகும், வெளியே இருப்பது அறையின் வெப்பநிலையிலேயே நிற்கும். இரண்டையும் எங்கே சேர்த்துக் கட்டுவது, எங்கே தனித்தனியே வழுக்க விடுவது என்பது ஒவ்வொரு திருப்பத்திலும் முடிவு செய்ய வேண்டியது.

எதிர்த்திசையில் திரவ நைட்ரஜன். மைனஸ் 196 டிகிரி. அறை வெப்பநிலையிலிருந்து அந்தக் குளிருக்கு இறங்கும்போது துருப்பிடிக்காத எஃகு மீட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் சுருங்குகிறது. 50 மீட்டருக்கு 150 மில்லிமீட்டர். வெற்றிட உறையிட்ட குழாயில் சுருங்குவது உள்குழாய் மட்டும். அதன் நடுநடுவே வைத்த பெல்லோஸ் (துருத்தி போல் மடிப்புகள் கொண்ட குழாய்த் துண்டு) அந்தச் சுருக்கத்தை ஏற்கிறது, வெளியுறை தன் நீளத்தில் அப்படியே நிற்கிறது. உறையின் வெற்றிடம் கெட்டுப்போனால் வெளியுறையும் குளிரத் தொடங்கும். அந்த நிலையையும் ஒரு தடவை கணக்கில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. குழாயைக் குளிர்விக்கத் தொடங்கும் முதல் சில நிமிடங்களும் தனிக் கதை. திரவம் அடியில் மட்டும் ஓடும், மேற்பக்கம் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். அடிப்பக்கம் மட்டும் சுருங்குவதால் குழாய் வில்லாக வளைந்து சப்போர்ட்டுகளை விட்டு எழும்பும். நிலையான வெப்பநிலையை மட்டும் கொடுத்து ஓட்டிய மாடலில் இது தெரியவே தெரியாது.

நெகிழ்வும் விறைப்பும்

வெப்பத்துக்குக் குழாய் நெகிழ வேண்டும். நிலநடுக்கத்துக்கும் அதிர்வுக்கும் அது இறுகப் பிடிக்கப்பட வேண்டும். எந்த ஆலையிலும் இந்த இழுபறி உண்டு. சிப் ஆலையில் அது உச்சத்துக்குப் போகிறது.

சிப்பின் நுண் வடிவங்களை ஒளியால் பதிக்கும் லித்தோகிராஃபிக் கருவிகள் நிற்கும் தரை எவ்வளவு அசையலாம் என்பதற்கு வி.சி. என்ற பெயரில் வரையறைகள் இருக்கின்றன. அவற்றில் வி.சி.-இ எனப்படும் நிலை, அதிர்வின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 மைக்ரோமீட்டருக்குள் இருக்கக் கேட்கிறது. தரைக்குக் கீழ்த்தளத்தில் பம்புகளும் குளிர்விப்பான்களும் இடைவிடாமல் ஓடுகின்றன. பம்பை ஸ்பிரிங் மேல் வைத்துத் தரையிலிருந்து பிரித்துவிட்டாலும், அதில் இணைந்த குழாய் அதிர்வை எடுத்துக்கொண்டு போய், முதல் இறுக்கமான சப்போர்ட்டில் தூணுக்குக் கொடுத்துவிடும். அதனால் குழாயின் முதல் சில சப்போர்ட்டுகளும் மெத்தென்று இருக்க வேண்டும் என்று அதிர்வு நிபுணர் கேட்பார். நிலநடுக்கத்தில் அந்தக் குழாய் ஊசலாடக் கூடாது என்று கட்டமைப்புப் பொறியாளர் கேட்பார். இருவர் கேட்பதும் நியாயம். சாதாரண நாளில் குழாயைத் தொடாமல் சில மில்லிமீட்டர் தள்ளி நின்று, பெரிய ஆட்டத்தில் மட்டும் தடுக்கும் இடைவெளித் தடுப்புகள் அல்லது மெதுவான நகர்வை விட்டுத் திடீர் நகர்வைப் பிடிக்கும் ஸ்னபர்கள் வழியாகத்தான் பெரும்பாலும் சமரசம் ஏற்படுகிறது. 2016 ஏப்ரலில் குமமோட்டோ நிலநடுக்கத்தில் சோனி, ரெனெசாஸ் நிறுவனங்களின் சிப் ஆலைகள் நின்றுபோயின. கட்டடம் இடியாமல் நின்றாலும் உள்ளே இருக்கும் குழாய்களும் கருவிகளும் தாக்குப்பிடிக்காவிட்டால் உற்பத்தி இல்லை என்பதை இந்தத் துறையினர் நன்றாகவே அறிவார்கள்.

அதிர்வைத் தடுக்க என்று குழாயின் நடுவே ரப்பர் அல்லது உலோக பெல்லோஸ் வைப்பது எளிய தீர்வாகத் தோன்றும். எனக்கு அதில் எப்போதும் சந்தேகம் உண்டு. சாதாரணக் குழாயில் உள்ளழுத்தம் முனைகளைத் தள்ளும் விசையைக் குழாயின் சுவரே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. பெல்லோஸ் மடிப்பு மடிப்பானது. அதனால் அப்படிப் பிடிக்க முடியாது. 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள குளிர்நீர்க் குழாயில் 10 பார் அழுத்தம் என்றால் அந்தத் தள்ளுவிசை 28 டன்னுக்கும் மேல். குளிர்நீர்தானே, இதற்கெல்லாம் ஸ்ட்ரெஸ் கணக்கு எதற்கு என்று விட்டுவிடும் குழாய் இது. இருபுறமும் அந்த 28 டன்னைத் தாங்கும் ஆங்கர் (குழாயை எந்தத் திசையிலும் அசையவிடாத பிடிப்பு) வேண்டும், அல்லது பெல்லோஸின் இரு முனைகளையும் கம்பிகளால் பிணைத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அழுத்தச் சோதனை நாளன்றே பெல்லோஸ் நீட்டிக்கொண்டுவிடும்.

இதன் மிகக் கொடிய எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ. நைப்ரோ நிறுவனத்தின் ஆலையில் படிப்படியாக இறங்கும் வரிசையில் ஆறு உலைகள் இருந்தன. 1974 மார்ச்சில் ஐந்தாவது உலையில் விரிசல் கண்டு அதை எடுத்துவிட்டு, நான்கையும் ஆறையும் 20 அங்குலக் குழாயால் இணைத்தார்கள். உலைகளின் உயரம் வேறுபட்டதால் குழாயில் இரண்டு மடக்குகள் வந்தன. இரு முனையிலும் ஏற்கெனவே இருந்த 28 அங்குல பெல்லோஸ். வடிவமைப்பு வரைபடம் என்று இருந்தது பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் போட்ட படம் மட்டும். இரண்டு பெல்லோஸிலும் வரும் தள்ளுவிசைகள் ஒரே நேர்கோட்டில் இல்லாததால் அவை சேர்ந்து குழாயைத் திருக்கும் என்பதை யாரும் கணக்கிடவில்லை. சாரக்கம்பிகள் மேல் அந்தக் குழாய் படுத்திருந்தது. ஜூன் 1 அன்று அது பிய்ந்து, வெளியேறிய சைக்ளோஹெக்சேன் மேகம் வெடித்ததில் 28 பேர் இறந்தார்கள். சனிக்கிழமையாக இல்லாமல் அலுவலகம் நிறைந்திருக்கும் நாளாக இருந்திருந்தால் எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கும். அப்போது ஆலையில் தலைமைப் பணிமனைப் பொறியாளர் பதவி காலியாக இருந்தது.

இன்றைய ஆலைகளில் இதற்கு இணையான நேரம் ஹூக்-அப் கட்டம். கட்டடமும் முதன்மைக் குழாய்களும் முடிந்தபின், கருவிகள் ஒவ்வொன்றாக வந்து இறங்க, வேறொரு ஒப்பந்ததாரர் வந்து இணைக்கிறார். கருவி 300 மில்லிமீட்டர் தள்ளி வைக்கப்பட்டிருக்கும், குழாய் எட்டாது, இடையில் ஒரு நெகிழ்குழாயைச் செருகுவார்கள். முதல் கணக்கைப் போட்டவர் அதற்குள் வேறு திட்டத்துக்குப் போயிருப்பார். மாற்றத்துக்கான படிவம் இருக்கும்; அந்தப் படிவத்தில் ஸ்ட்ரெஸ் பிரிவின் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்பதைத் தொடக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

மேசையும் தளமும்

சீசர் II, ஆட்டோபைப், ரோர்2, சீபைப் என்று மென்பொருள்கள் பல. எதைப் பயன்படுத்தினாலும் அது கேட்பது ஒன்றே: குழாயின் வழி, பொருள், வெப்பநிலை, அழுத்தம், எங்கெங்கே எந்தத் திசையில் பிடித்திருக்கிறது. ஆங்கர் என்று சொன்னால் அது மலைபோல் அசையாதது என்று நம்பும். உண்மையில் அந்த ஆங்கர் ஒரு மெல்லிய உத்தரத்தின் நுனியில் பற்றவைத்த தகடாக இருக்கும். சப்போர்ட்டில் உராய்வை விட்டுவிட்டால் ஒரு விடை, எஃகின் மேல் எஃகு என்று உராய்வுக் கெழு 0.3 கொடுத்தால் வேறு விடை, வழுக்கும் பிளாஸ்டிக்கான பி.டி.எஃப்.இ. தகடு வைத்து 0.1 கொடுத்தால் இன்னொன்று. நீண்ட குழாய்களில் ஆங்கருக்கு வரும் விசையை உராய்வே தீர்மானிப்பதும் உண்டு. எல்லா வரியும் பச்சையாக இருக்கும் அறிக்கையைவிட, இந்த மூன்று விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பேசும் அறிக்கைமேல் எனக்கு மதிப்பு அதிகம்.

கால அட்டவணை வேறு எதிராக நிற்கும். நவீன ஆலைகளில் குழாய்களின் வழி முடிவாவதற்கு முன்பே கட்டட எஃகுக்கு ஆர்டர் போய்விடுகிறது. ஆகவே ஸ்ட்ரெஸ் பொறியாளர் முதல் மாதங்களில் தருவது கணக்கிட்ட சுமை அல்ல, மதிப்பிட்ட சுமை. இந்த வரிசைத் தூண்களில் இத்தனை டன் வரலாம், இந்த இடத்தில் லூப்புக்கு இத்தனை மீட்டர் ஒதுக்குங்கள் என்று கையால் போட்ட கணக்கோடு அவர் முன்கூட்டியே போய்க் கேட்க வேண்டும். காற்றுக் குழாய்க்காரரும் மின்வடத் தட்டுக்காரரும் மாடலில் இடத்தைப் பிடித்தபின் கேட்டால், லூப்புக்கு இடம் கிடைக்காது, பெல்லோஸ்தான் கிடைக்கும். ரேக்குகளை வேறிடத்தில் தொகுதிகளாகச் செய்து லாரியில் கொண்டுவரும் வழக்கம் பரவியபின், பயணத்தின் குலுங்கலும் கிரேன் தூக்கும் நிலையும் தனிச் சுமைகளாகச் சேர்ந்துகொண்டன. ஆலையில் ஒருநாளும் வராத தகைவு நெடுஞ்சாலையில் வந்துவிடலாம்.

இவ்வளவும் காகிதத்தில் சரியாக இருந்தபின், ஆலை முதல் முறையாகச் சூடாவதற்கு முன் தளத்தில் ஒரு நடை நடந்தாக வேண்டும். அங்கே பார்க்க வேண்டியவை மிகச் சாதாரணமானவை. ஸ்பிரிங் ஹேங்கர்கள் பூட்டு ஊசியோடு வந்து இறங்கும்; அழுத்தச் சோதனை முடிந்ததும் ஊசியைப் பிடுங்காவிட்டால் ஸ்பிரிங் வெறும் கம்பியாகவே இருக்கும். பெல்லோஸ் பயணத்தில் சேதமாகாமலிருக்கப் போட்ட மஞ்சள் கம்பிகள் அப்படியே நிற்கும். குழாயைத் தளர்வாகச் சுற்ற வேண்டிய யூ-போல்ட்டை ஃபிட்டர் நல்லெண்ணத்தில் கடைசிவரை முடுக்கியிருப்பார், கைடு ஆங்கராகிவிட்டது. ஷூ (குழாயின் அடியில் பொருத்திய கால்) வழுக்க வேண்டிய தட்டின் விளிம்பில் வெல்டிங் ஒரு சொட்டு உறைந்திருக்கும். ஷூ நகர வேண்டிய தூரம் 80 மில்லிமீட்டர், தட்டின் நீளமோ 60.

பிறகு குளிர்ந்த நிலையில் ஒவ்வொரு ஸ்பிரிங்கின் அளவுகோலையும் படித்து எழுதி, ஷூக்களின் இடத்தைச் சப்போர்ட்டில் கோடு போட்டுக் குறித்துவைக்கிறார்கள். ஆலை இயங்கும் வெப்பநிலையை எட்டியதும் அதே இடங்களை மறுபடி படிக்கிறார்கள். மாடல் சொன்ன நகர்வும் தளத்தில் அளந்த நகர்வும் சில மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனால் அந்தக் கோப்பை மூடலாம். 40 மில்லிமீட்டர் நகர வேண்டிய இடத்தில் எட்டுதான் நகர்ந்திருக்கிறது என்றால், குழாய் எங்கோ பிடிபட்டிருக்கிறது. அந்த அளவீடுகளைக் கையில் வைத்துக்கொண்டு, காப்புறைக்கு அடியில் வரைபடத்தில் இல்லாத சப்போர்ட் எதையாவது யாரேனும் பற்றவைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு மீட்டராகத் தேடிக்கொண்டு போக வேண்டியதுதான்.